தட்டிப் பார்க்காத உடுக்கு

பொறாமையில்தான் உடுக்கடித்தாள் என்றால், பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவளுக்கு ஆர் சொன்னது? அதை முதலில் சொல்லட்டும். ஒழுங்கைச் சந்துக்குள் நின்று கதைக்கிறவர்கள் ஒருவரும் அன்றைக்கு எங்கள் குசினி அடுப்படியில் இருக்கவில்லை. நான் இருந்தேன். சறோஜினிதேவியின் மகளுக்கு வந்த சம்பந்தத்தை என் மருமகள் அம்பிகை உடுக்கடித்துக் குழப்பினாளாம். தாலியை இழந்தவளுக்கு அடுத்த வீட்டுத் தாலி கண்ணில் குத்தியதாம். அவள் அனலைதீவுக்கு வள்ளம் ஏறினது உடுக்குப் பழகவும் இல்லையாம், வேறு எதற்கோவாம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். சொன்னபடியே எழுதினால் போதும்.

அம்பிகை என் மூத்த மகன் பாலசிங்கத்தின் பெண்சாதி. அவனுக்குப் பதுளையில் புடவைக்கடை. கலவரம் வந்த ஆடி மாதத்தில் கடையும் போய், அவனும் போனான். அவளைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். ஆரோ கொடுத்த சேலையைச் சுற்றிக்கொண்டு ஊர்காவற்றுறையில் என் வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகுட்டி இல்லை. அழவும் இல்லை.

நித்திரைதான் அவளை விட்டுப் போயிருந்தது. "காதுக்குள்ள கடைக் கண்ணாடி உடையுது மாமி" என்பாள். காற்றுக்கு வாசல் படலை அடித்தாலும் எழும்பி நிற்பாள். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினேன். அவர் கொடுத்த குளிசையைப் போட்டால் தலை சரியும், கண் மூடாது.

அந்த மாரி கழிந்து அனலைதீவில் என் தங்கச்சியின் பேரப்பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுக் காய்ச்சல் காயும் வருத்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவது. ஒத்தாசைக்கு நானும் அம்பிகையும் போனோம். அங்கே அம்மன் கோயிலில் உடுக்கடிக்கிற இளையதம்பி வந்தார். புகையிலைத் தோட்டக்காரன். வந்தவர் பிள்ளையின் தலைமாட்டில் இருந்து, நெஞ்சுக்குள் பேசுகிற மாதிரித் தணிவாக அடித்தார். முனகிக்கொண்டு கிடந்த பிள்ளை நித்திரையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்பிகையும் சுவரில் சாய்ந்தபடி நித்திரை. பதுளையால் வந்தபின் அவள் வாய் திறந்து உறங்கி அன்றைக்குத்தான் கண்டேன்.

எழும்பினவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "மாமி, உந்த உடுக்கை எனக்கும் பழக்குவாரோ?" என்றாள்.

இளையதம்பி சிரித்தார். "தங்கச்சி, உது பொம்பிளையள் எடுக்கிற சாமானில்லை."

புகையிலை கட்டிக்கொண்டிருந்த அவர் பெண்சாதி நல்லம்மா நிமிரவும் இல்லை. "ஆம்பிளையள் எடுத்து என்னத்தை வெட்டிப் புடுங்கினனீங்கள்? நாலு நாள் இழுத்து அடிக்கச் சொன்னால் நாரிப்பிடிப்பு, இடுப்பு ஏலாது எண்டு படுக்கிறது. அவளுக்குப் பழக்குங்கோ."

"பழக்கினால் ஊர் என்ன சொல்லும்?"

"நான் பக்கத்தில இருந்து பொயிலை கட்டுறன். ஊரை என்னட்டை அனுப்புங்கோ."

அப்படித்தான் அவள் பழகினாள். நல்லம்மா இல்லாமல் ஒரு நாளும் இல்லை. வேறு எதற்கோ போனாள் என்கிறவர்கள் நல்லம்மாவிடம் ஒருக்கால் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

உடுக்கை அவர் லேசில் கையில் கொடுக்கவில்லை. "பேய் கலைக்கிற சத்தம் எண்டு நினையாதையும். முதல்ல வருத்தக்காரற்றை மூச்சைக் கேளும். அது ஓடினால் நீரும் ஓடும். பிறகு ஒரு சொட்டுப் பிந்தும். மூச்சும் உம்மோட பிந்தும்" என்றார். அதனால் அவள் மூச்சுக் கேட்டுத் திரிந்தாள். நான் படுத்தால் தலைமாட்டில் இருப்பாள். ஆடு அசைபோட்டால் அதன் விலாவில் காது வைப்பாள். சுளகைக் கவிழ்த்து அதன் முதுகில் விரலால் தட்டுவாள். மச்சத்தை விட்டாள், எனக்கு மீன் ஒரு சட்டியில், தனக்குக் கீரை வேறொரு சட்டியில்.

அது சும்மா பாடில்லை. விடிய நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய்ச் சுமந்து வருவாள். ஓலை வார்ந்து பெட்டி இழைப்பாள். பிறகு ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்பாள். கடலில் நேவி நின்றால் வள்ளம் விடமாட்டார்கள். வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிடுவாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. நான் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, "விட்டிடு பிள்ளை" என்பேன்.

"களைச்சுப்போனன் மாமி. ஆனால் விட ஏலாது. விட்டால் திரும்பவும் கண்ணாடி உடையும்."

கடைசியில் ஒரு நாள் உடுக்கோடு வந்தாள். இளையதம்பி இரண்டு சொல் சொல்லித்தான் கொடுத்தாராம்: வெற்றிலை வைத்துக் கூப்பிடாத வீட்டுக்குப் போகக்கூடாது, கூப்பிட்ட வீட்டுக்கு மாட்டேன் என்னக்கூடாது.

கடற்காற்றுக்கு உடுக்கின் தோல் ஈரம் குடித்துத் தொய்யும். தணலில் காட்டி முறுக்கவேண்டும்; முறுகினதோ என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கவேண்டும். இளையதம்பி அப்படித்தான் செய்வார். அவர் வீடு தோட்டத்துக்கு நடுவில். கேட்கிறதற்குப் புகையிலைக் கன்றுதான் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் வேலியோடு வேலி வீடு. அதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உடுக்குச் சத்தம் கேட்டால் அங்கே அம்மாள் வந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மாள் வந்த ஒழுங்கைக்குள் வெளியார் கால் வைக்கமாட்டார்கள்.

சம்பந்தம் குழம்பின அன்று பின்னேரம் புங்குடுதீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சறோஜினிதேவியின் மகள் மனோகரியைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அம்பிகை அடுப்படியில் தோலைக் காய்ச்சி, இரண்டு தட்டுத் தட்டினாள். ஒழுங்கை முகப்பில் கார் நின்றது. பிறகு பின்னுக்கு எடுத்துத் திரும்பிப் போய்விட்டது. போனவர்கள் போனவர்கள்தான்.

சறோஜினிதேவி வேலியில் வந்து நின்று கத்தினாள். "அறுவாளே, என்ர பிள்ளை சீலை உடுத்துக்கொண்டு நிக்கிறாளடி!"

அம்பிகை உடுக்கும் கையுமாக நின்றாள். "எனக்குத் தெரியாதக்கா. ஆரும் சொல்லேல்லையே."

ஆரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. கைம்பெண் முகத்தில் முழிக்கக்கூடாது என்று எங்களுக்கு மறைத்துத்தான் பலகாரம் சுட்டார்கள். மறைத்து வைத்த கலியாணத்தில் பொறாமைப்பட அவள் என்ன சாத்திரக்காரியா?

இரு வீட்டாரும் போய்வருகிற வேலிப் பொட்டை அன்றைக்கே ஓலை வைத்து அடைத்தார்கள். வாய்களை அடைக்கத்தான் ஓலை இல்லை. அதற்குப்பிறகு ஒரு வீடும் அவளைக் கூப்பிடவில்லை. அம்மாள் வந்த வீடுகள் கடல் கடந்து இளையதம்பிக்கு ஆள் அனுப்பின. அம்பிகை உடுக்கைச் சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் இறக்கித் தூசி தட்டுவாள், அவ்வளவுதான். நித்திரை மெல்ல மெல்லத் திரும்பவும் குறைந்தது. கூப்பிடாவிட்டால் பழகியும் பழகாத மாதிரித்தானே என்று ஒரு நாள் சொன்னாள்.  

பிறகொரு பங்குனி வெக்கைக்கு மனோகரிக்கே அம்மாள் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் முனகல் கேட்கும். அம்பிகை வேலியோடு ஒட்டி இருந்து கேட்பாள். "மூச்சு ஓடுது மாமி. நித்திரையே இல்லை" என்பாள். கூப்பிடாமல் போகக்கூடாது. போகவும் இல்லை.

சறோஜினிதேவி அனலைதீவுக்கு ஆள் விட்டாள். இளையதம்பி மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வரவும் இல்லை. வள்ளக்காரன் ஒழுங்கையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "வளவுக்குள்ள கிணறு இருக்க, தண்ணிக்குக் கடல் தாண்டி வாறியளோ எண்டு கேட்டவர்."

அதற்குப் பிறகும் சறோஜினிதேவி வீம்பு விடவில்லை. ஒரு மத்தியானம்தான் எங்கள் படலையடிக்கு வந்தாள், கையில் வெற்றிலைத் தட்டத்தோடு. உள்ளே வரவில்லை. அம்பிகை அப்போதுதான் தண்ணீர் சுமந்து வந்து, சாப்பிடாமல் பாயில் சரிந்திருந்தாள்.

"மனோகரி கேக்கிறாள். நான் கேக்கேல்லை" என்றாள் சறோஜினிதேவி, ஒழுங்கைத் தண்ணீர்க் கானைப் பார்த்துக்கொண்டு.

அம்பிகை படுத்தபடி கேட்டாள். "தட்டம் ஆற்றை கையிலை அக்கா?"

"என்ர கையிலதான்."

"அப்ப நீங்கள்தான் கேக்கிறியள்."

சறோஜினிதேவி கானிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "ஓம். நான்தான் கேக்கிறன்" என்று தட்டத்தைப் படலைக்கு உள்ளே நீட்டினாள்.

"எழும்ப ஏலாமல் கிடக்கு மாமி" என்று எனக்குச் சொல்லிவிட்டு அம்பிகை எழும்பினாள். கிணற்றில் தலைக்கு வார்த்தாள். ஈரத் தலையோடு உடுக்கை இறக்கித் தணலில் காட்டினாள். எத்தனையோ மாதம் கிடந்த தோல். முறுகியிருக்கோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?

"ஒருக்கால் தட்டிப் பார் பிள்ளை. அங்கை போய்ச் சத்தம் எழும்பாட்டி உள்ளதும் போயிடும்" என்றேன்.

அவள் தட்டவில்லை. பெருவிரலால் தோலை அமத்தி, காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடைத்த வேலிப் பொட்டுப் பக்கம் போகவில்லை. முன் வாசலால் இறங்கி, படலையைத் திறந்து, ஒழுங்கை முழுக்கப் பார்த்து நிற்க, நடு மத்தியான வெயிலில் நடந்து போனாள்.