நிலம் கொடுத்தோர் பட்டியல்

எனக்கு வேலை கிடைத்தது மார்க்கால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததே போதும்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி நிற்கும் இடத்தில் எங்கள் வயலும் ஒரு மூலையில் இருந்தது. நிலம் எடுத்தபோது, கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று பேச்சு. ஊர்க்காரர்கள் விடாப்பிடியாக நின்று அதை எழுத்திலும் வாங்கிவிட்டார்கள். அப்படித்தான் அந்தப் பட்டியல் உண்டானது. டிப்ளமாவில் இரண்டு பேப்பர் அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா கிடந்த நான், அப்பா பெயரில் இருந்த பட்டாவின் நகலோடு உள்ளே போனேன். மார்க் ஷீட்டை எவனும் கேட்கவில்லை. அரியரை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முடித்தேன், அதுவும் மூன்றாவது தடவை எழுதி.

இதே நான்தான் கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு நியாயம் பேசுவேன். "படிச்சவனுக்கு இன்னாப்பா மரியாத கீது? சாதி சர்டிபிகேட்ட நீட்டுனா சீட்டு, சாதி சர்டிபிகேட்ட நீட்டுனா வேல. நாம இன்னா பாவம் பண்ணோம்?" சுற்றி இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் போலப் பட்டியலில் வந்தவர்கள். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. எங்களுடையது உரிமை, அவர்களுடையது சலுகை. இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். டிப்ளமா முடித்தவர்களை வரச்சொல்லி எழுத்துத் தேர்வு வைத்தோம். எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டவர், களை பறித்தவர். நிலம் போனபிறகு குன்றத்தூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் பெருக்கித் துடைக்கப் போகிறார். அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறேனே தவிர பேசியதில்லை. ஒரே ஊர்தான், ஆனால் நாங்கள் ஊர், அவர்கள் காலனி.

அவளுடைய ஃபைலைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே சாதிச் சான்றிதழ்.

"இது இங்க வேணாம்மா. இதெல்லாம் கவர்மென்ட்லதான். இது பிரைவேட்டு," என்றேன்.

"எங்க போனாலும் மொதல்ல இதத்தான் சார் கேட்டாங்க. அதான் மேல வெச்சேன்."

"இங்க மார்க்குதான்."

கூசாமல் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

தாள்களை நான்தான் திருத்தினேன். அவள் முதலிடம். இரண்டாவதாக வந்தவன் அவளுக்கு வெகு தூரம் பின்னால் இருந்தான். என் மச்சினனும் எழுதியிருந்தான், என் மனைவியின் தம்பி. எழுதினான் என்று சொல்வதே அவனுக்குச் செய்யும் மரியாதை, பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. ஆனால் அவர்கள் குடும்பமும் நிலம் கொடுத்தது, பட்டியலில் அவர்கள் பெயர் பாக்கி இருந்தது.

முடிவுக்காக அவள் வரவேற்பறையில் காத்திருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது எழுந்து வந்தாள்.

"சார், லிஸ்ட்டுன்னு ஒண்ணு கீதாமே. அதுல எங்கம்மா பேரு வராதா?"

"பட்டா இருக்கணும்மா."

"எங்கம்மா அந்த நெலத்துலதான சார் இத்தினி வருஷம் வேல செஞ்சிக்கினு இருந்தாங்க. நெலம் போனதுல அவங்களுக்கும்தான வேல போச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரியாதபோது வரும் கோபம் அது என்று இப்போது தெரிகிறது. "ரூல்ஸு அப்படி. நான் இன்னா பண்றது? தபால் வரும், போ," என்று அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் வெளியூர்க்காரர். தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், "இந்தப் பொண்ணு பிரமாதமா எழுதியிருக்கே. லிஸ்ட்டை அடுத்த தடவை பார்த்துக்கலாமா? நீங்க சொல்லுங்க, உங்க ஊர்," என்றார்.

நான் ஒரு வார்த்தை "பார்த்துக்கலாம் சார்" என்றிருந்தால் போதும். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். ஊர்ல பிரச்சனை ஆவும். கேட்டுக்கு முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க," என்றேன். யாரும் வந்திருக்க மாட்டார்கள். வீட்டில் என் மனைவி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

எடுக்காதவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் முடிக்கும்போது காரணம் போட வேண்டும். மூன்றே காரணங்கள் இருக்கும்: தேர்வுக்கு வரவில்லை, சான்றிதழ் குறைவு, தேர்வில் தகுதி பெறவில்லை. பட்டியலில் இல்லை என்று ஒரு காரணம் அதில் கிடையாது. மூன்றாவதை அழுத்தினேன். அழுத்திய உடனே அது தானாகவே அவரவர் செல்போனுக்குப் போய்விடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மச்சினன், புது யூனிபார்மில். அவள் ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்துப் பதில்களைத் தயார் செய்துகொண்டேன். நிலம், பட்டா, ரூல்ஸ், மேனேஜர், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது.

அவள் செல்போனில் 'தேர்வில் தகுதி பெறவில்லை' என்று வந்திருந்த வரியைக் காட்டினாள். குரலில் கோபமே இல்லை.

"சார், அடுத்த தடவ எழுதறதுக்காகக் கேக்கறேன். எவ்ளோ மார்க் எடுத்தா பாஸ்?"

மச்சினன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் நல்லா படிக்கணும்மா," என்றேன்.

"சரி சார்," என்று தலையாட்டினாள்.