ஆளுக்குப் பாதிப் பாலம்

கல்யாணராமனுக்கு உட்கார வராது. கரோல் பாக்கில் அவர் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே துணிக்கடை வைத்திருந்த பஞ்சாபிக்கு இது மனப்பாடம். காலையில் தலைக்கு மேலே கூடத்துக்கும் பால்கனிக்குமாகக் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் மதராசி பாபு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். சாப்பிடும்போது மட்டும்தான் மனுஷர் உட்காருவார். அதிலும் மோர் சாதத்துக்கு வருவதற்குள் ஒரு முழங்கால் தானாக எழுந்துவிடும்.

"பாலம் எங்கயும் ஓடிப் போயிடாதுன்னா. இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்கோ" என்பாள் ருக்மிணி.

ஓடிப் போவதற்குப் பாலம் இருந்தால்தானே! அது இனிமேல்தான் வர வேண்டும். வடகிழக்கு எல்லையில் ரயில், பஸ், ஜீப் எல்லாம் தீர்ந்துபோன பிறகும் நாள்கணக்கில் நடந்து போய்ச் சேர வேண்டிய ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அதன் நடுவில் யாமூ என்று ஓர் ஆறு. அந்தப் பள்ளத்தாக்கின் முன்னேற்றத்துக்கான ஃபைல், எழுபத்தொன்றில், மலைவாழ் மக்கள் திட்டப் பிரிவில் செக்ஷன் ஆபீசராக இருந்த கல்யாணராமனின் மேஜைக்கு வந்தது. அங்கே ஏழெட்டு இனம், ஏழெட்டு பாஷை. கிழக்குக் கரைக்காரர் பேசுவது மேற்குக் கரைக்காரருக்குப் புரியாது. பெண் கொடுத்து எடுக்கும் வழக்கமும் கிடையாது. ஆஸ்பத்திரி இருந்தது கிழக்குக் கரையில். மேற்குக் கரையில் ஒருத்திக்கு வலி கண்டால், ஆடுகிற பிரம்புப் பாலத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பிரம்பையும் ஆறு கொண்டுபோய்விடும். அப்புறம் அவள் தலையெழுத்து.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் கல்யாணராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததற்குக் காரணம் உண்டு. ருக்மிணிக்கு ஒரே ஒரு பிரசவம். அன்றைக்கு டில்லியில் ஊரை முக்கியெடுத்த மழை. டாக்ஸி கிடைக்காமல் வாசலுக்கும் தெருமுனைக்குமாக அவர் நடந்த நடை இருக்கிறதே, அதுதான் ஆரம்பம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. கால் மட்டும் நிற்கவில்லை.

ஆகவே யாமூவின்மேல் இரும்புக் கயிற்றில் ஒரு தொங்குபாலம் வேண்டும் என்று நோட் போட்டார். அதைத் துரத்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். எமர்ஜென்சி வந்தது, போனது. ஜனதா வந்தது, போனது. ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் மேம்பாலங்கள் முளைத்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. "நடக்கறவாளுக்கு ஒண்ணு கட்டறதுக்கு இவாளுக்குக் கை வரலை, கார்ல போறவாளுக்கு வரிசையாக் கட்டறா" என்று ருக்மிணியிடம் கத்தினார், அவளென்னவோ மந்திரி மாதிரி.

எண்பத்து மூன்றில் பாலம் முடிந்தது என்று தகவல் வந்தது. ருக்மிணி கிளறிக் கொடுத்த ரவா கேசரியை ஆபீஸில் பியூன் உட்பட எல்லாருக்கும் கொடுத்தார். இனி நிம்மதியாக ரிடையர் ஆகலாம் என்றுதான் நினைத்தார்.

ரிடையர் ஆக ஒரு மாதம் இருக்கும்போது துணைச் செயலாளர் ராமமூர்த்தி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய், உம்ம பாலம் ஜோரா நிக்கறதாம். ஆனா மேற்குக் கரையிலேர்ந்து ஒரு பய அதுல காலை வைக்கலையாம். பழைய பிரம்புப் பாலத்துலதான் போறாளாம்."

"அது இந்த மழைக்கே போயிடும் சார்!"

"அதை என்கிட்ட சொன்னா ஆச்சா? அந்த ஊர்க்காரா சிலபேர் டில்லிக்கு வந்து சாணக்யபுரியில தங்கியிருக்கா. போய்க் கேட்டுண்டு வாரும்."

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார் கல்யாணராமன்.

அந்த மலைப் பிரதேசத்தின் விருந்தினர் மாளிகைப் புல்வெளியில் மேற்குக் கரைக்காரர் தாலோம் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ராணுவத்துக்குச் சுமை தூக்கியதில் ஹிந்தி கற்றுக்கொண்டவர். கல்யாணராமனின் ஹிந்தியும் அந்த லட்சணம்தான் என்பதால் இருவருக்கும் சுலபமாக ஒத்துப்போயிற்று.

"பாலத்துக்கு என்ன குறைச்சல் பாயி? கயிறு சரியில்லையா?"

"கயிறு நல்ல கயிறு. ஆனால் கட்டியது யார்?"

"கான்டிராக்டர் கொண்டுவந்த ஆட்கள்."

"அதுதான்" என்றார் தாலோம். ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் கிழக்குக் கரைக்காரர்கள் அவர்கள் பக்கத்திலிருந்து பாதிப் பாலம் கட்டுவார்கள், மேற்குக் கரைக்காரர்கள் இந்தப் பக்கத்திலிருந்து பாதி. வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். நடுவில் கடைசி முடிச்சை இரண்டு பேரும் சேர்ந்து போடுவார்கள். வாய் பேசாவிட்டாலும் கை பேசிவிடும். "எந்தக் கட்டு யார் கட்டியது என்று எங்களுக்குத் தெரியும். யாரோ முகம் தெரியாதவன் கட்டிவிட்டுப் போன பாலத்தில் எங்கள் பெண்களை எப்படி நடக்கவிடுவது? அந்தக் கரைக்காரர்கள்கூட இரண்டடி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே. ஏன் கூப்பிடவில்லை?"

ஏன் கூப்பிடவில்லை என்று இந்த உலகத்திலேயே தெரிந்தவர் கல்யாணராமன் ஒருவர்தான். 'அறுவடை நேரம், கிராமத்தாரைத் தொந்தரவு செய்யாமல் வெளியாட்களைக் கொண்டே முடிக்கவும்' என்று நோட்டில் எழுதியது அவரே. நல்ல எண்ணத்தில் எழுதியது! டில்லியில் வீடு கட்டுகிறவன் செங்கல்லைத் தொடுவதில்லை. அதைப்போலத்தான் அங்கேயும் என்று நினைத்துவிட்டார். புல்வெளியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். தாலோம் பாவம் பார்த்துத் தேநீர் வரவழைத்தார்.

மறுநாள் ராமமூர்த்தியின் அறையில் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். நடைபலகைகளை இரும்புக் கயிற்றோடு சேர்க்கிற கட்டுகளை மட்டும் அவிழ்த்து, இரு கரைக்காரர்களும் ஆளுக்குப் பாதியாக மறுபடி கட்டினால் போதும்.

"கட்டி முடிச்ச பாலத்தை அவிழ்க்கப் போறேன்னு நோட் போட்டா, ஆடிட்காரன் என்னைக் கட்டிடுவான்" என்றார் ராமமூர்த்தி. "முதல்ல உக்காரும் ஓய், எனக்குத் தலை சுத்தறது."

கல்யாணராமன் உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், கதவுக்கு வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். அங்கே சட்டென்று நின்றார்.

"அவிழ்க்கறதுன்னு ஏன் சார் எழுதணும்? வருஷாந்திரப் பராமரிப்புன்னு எழுதுவோம். மழை விட்டதும் வருஷாவருஷம் கட்டுகளைப் பிரிச்சு மாத்தணும், இரண்டு கரை கிராமத்தாரே செய்யணும். முதல் பராமரிப்பு உடனே."

ராமமூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில் கல்யாணராமன் கழுத்தில் மாலையோடு வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் பட்ட பாடுதான் பெரும்பாடு. ஆபீஸில் இருந்தவரை யாரையாவது கேட்கலாம். ரிடையர் ஆனவனுக்கு யார் பதில் சொல்வார்கள்? ராமமூர்த்தியும் மாற்றலாகிப் போய்விட்டார். டில்லியில் மழை கொட்டிய ஒவ்வொரு நாளும் யாமூவில் பிரம்புப் பாலம் போய்விட்டதா, யாருக்காவது வலி கண்டிருக்குமா என்று கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தார். பஞ்சாபி மாடிக்கு வந்து, "பாபுஜி, என் கூரை விழுந்துவிடும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் தாலோம் ஆபீஸில் விலாசம் கேட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். உள்ளே வருவதற்குள் கல்யாணராமன் கேட்டுவிட்டார்:

"நடக்கிறார்களா?"

"நடக்கிறார்கள். எங்கள் பாதியை நாங்கள் கட்டினோம். மழையில் பிரம்புப் பாலம் போயிற்று. என் தம்பி மனைவிக்கு அன்றைக்குத்தான் வலி வந்தது. புதுப் பாலத்தில் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பும்போது பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அவளே நடந்து வந்தாள்."

ருக்மிணி கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணராமனுக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தாலோம் பையிலிருந்து ஒரு நீளப் பிரம்பு நாரையும் ஒரு சின்ன மரத்துண்டையும் எடுத்தார். "இதில் நீங்கள் ஒரு கட்டுப் போட வேண்டும். வருகிற மழை விட்டதும் பாலத்தில் சேர்த்துவிடுவேன். கட்டாதவர் நடக்கக் கூடாதே. நீங்கள் வந்தால் நடக்க வேண்டாமா?"

காசிக்குக் கிழக்கே ஓரடி வைத்ததில்லை கல்யாணராமன். அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. நாரைச் சுற்றப் பார்த்தார்; பழக்கமில்லாத கையில் அது நழுவி நழுவிப் போயிற்று.

"குடுங்கோ இப்படி" என்று ருக்மிணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நாரின் மறுமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் சுற்றி முடிச்சுப் போட்டார். தாலோம் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

ருக்மிணி தன் கரோல் பாக் காய்கறிக்கடை ஹிந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் நடக்கலாமா?"

"மறுமுனையைப் பிடித்தது நீங்கள்தானே?" என்றார் தாலோம்.

அன்று சாயங்காலம் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பஞ்சாபி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். காலடிச் சத்தம் வித்தியாசமாக, மெல்லியதாகக் கேட்டது. மாடியில் கல்யாணராமன், அடுத்த மழை விட்டதும் யாமூவுக்குப் போக இப்போதே தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கம்பளியையும் ஸ்வெட்டரையும் தேடிக் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தது ருக்மிணி.