தங்கத் துகளும் கம்பி நாரும்

ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரி. பத்தாவது வரை படித்த எனக்கு, அங்கே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. எனக்கு யாரிடமும் சட்டென்று பேச்சு வராது, கூச்சம். யாராவது அருகில் வந்தால் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம்.

அங்கே ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருத்தி மட்டும் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பெண். தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்குவது அவள் வேலை. அப்போது அது தங்கமாகவே தெரியாது. டிக்காஷன் மாதிரி இருக்கும், காய்ந்தால் கருப்புப் பொடி.

"தங்கத்தக் காந்தம் இழுக்காதுல்லாக்கா? இவ்ளோ சின்னதாக்குனா இழுக்குமான்னு பாக்கேன்" என்றாள். நான் விழிப்பதைப் பார்த்து, "கூட்டமான பஸ்ல உள்ள நிக்கவன் அசைய முடியாது. படியில தொங்குறவனுக்கு ஒரு பக்கம் காலி. பெரிய கட்டியில அணு எல்லாம் உள்ள மாட்டிக்கிடும். சின்னத் துகள்ல பாதிக்குப் பாதி படியிலதான் நிக்கும். அதான் குணம் மாறுது" என்றாள். அது எனக்குப் புரிந்தது.

அளக்கிற இயந்திரம் எங்களிடம் கிடையாது. கடலோரத்தில் வேறோர் இடத்தில் இருந்தது. மாதம் ஒரு நாள்தான் அவளுக்கு முறை வரும். பொடியைச் சின்னக் குழாயில் அடைத்து எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போவாள். ஒரு முறை திரும்பி வந்ததும், என் ஈரக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பொடியில் காந்தம் இருந்ததாம்.

ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரர் சும்மா இருப்பாரா? "இன்னாமே, தங்கம் காந்தமாயிட்சாமே! இனிமே எங்க வூட்டுக்காரி தாலி பீரோல போய் ஒட்டிக்கும். நான்தான் பிச்சி எடுத்துக்கினு நிக்கணும்."

"அந்தத் தாலில தங்கம் இருந்தாத்தான அண்ணே ஒட்டும்!" என்றாள் அவள். நானும் சிரித்துவிட்டேன்.

இதைக் கட்டுரையாக எழுதி வெள்ளிக்கிழமைக்குள் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னார் அவளுடைய பேராசிரியர். அவளுக்கு அது கடைசி வருஷம்.

புதன்கிழமை, கரைசலைக் கலக்கப் போடுகிற வெள்ளைக் காந்தக் குச்சி ஒன்று என் கை தவறித் தொட்டியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அதற்குச் சாம்பல் நிறத்தில் மீசை முளைத்திருந்தது. விரலால் தடவினேன். கம்பி நாரின் தூள்.

கழுவுகிற பிரஷ் மொட்டையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிது கேட்கக் கூச்சம். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரில் ஒன்றைக் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. தங்கம் செய்கிற குடுவைகளை அவளே அமிலம் விட்டுக் கழுவுவாள். பொடியைக் காயவைக்கிற கண்ணாடித் தட்டு மட்டும் என் பொறுப்பு.

அவள் அளந்தது தங்கத்தையா, என் நாரையா?

வியாழக்கிழமை முழுவதும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, அவள் முகம் எப்படி ஆகும் என்பதுதான் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை குழாயை மூடிவிட்டு, குச்சியை அவளிடம் நீட்டினேன்.

"என்னக்கா இது?"

"கம்பி நாரு. உன் தட்டெல்லாம் இதாலதான் தேச்சேன்."

"எத்தன மாசமா?"

"மூணு."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரஷ் வேணும்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

கட்டுரை போகவில்லை. இன்னொரு முறை அளந்துவிடலாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். புது பிரஷ், புதுத் தட்டு, புதுப் பொடி. அடுத்த முறை வரக் காத்திருந்தோம். அவள் திரும்பி வந்து மேசையில் விரித்த தாளில், காந்தம் இருந்தால் ஏறவேண்டிய கோடு படுத்துக் கிடந்தது.

"வெறும் தங்கந்தான்க்கா."

பேராசிரியர் வந்து பார்த்தார். "போன தடவை இரும்பு எப்படி உள்ளே வந்தது? யார் கழுவினது?"

"நான்தான் சார். அவசரத்துல கம்பி நாரப் போட்டுத் தேச்சிட்டேன்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.

மூன்று வருஷப் படிப்பில் இதுகூடத் தெரியாதா என்று நிற்கவைத்துக் கேட்டுவிட்டுப் போனார். நான் தொட்டியருகில் வாயைத் திறந்தபடியே நின்றேன்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அதுவரை அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. "சார், அந்தத் தட்டைக் கழுவுனது நான். அந்தப் பொண்ணு இல்ல" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அப்படியொரு ஆள் அங்கே வேலை செய்வதே அன்றுதான் தெரிந்தது போல இருந்தது. "சரி, போங்கம்மா" என்றார். அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தக் கம்பி நாரைச் சொல்லிக்காட்டியதில்லை.