ஒன்பது கட்டுரைகளில் ஒரே தப்பு

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. மயிலாப்பூர் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடையாறில், தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த என் மகள், வண்டி சறுக்கிக் கீழே விழுந்திருந்தாள். ஹெல்மெட் ஒன்றுதான். அது ஓட்டியவள் தலையில் இருந்தது.

மகளுக்குப் பத்தொன்பது வயது. மூளையில் ரத்தக் கசிவு, உடனே அறுவை சிகிச்சை, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. விழிப்பாளா, விழித்தால் என்னைத் தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். காத்திருக்க வேண்டும் என்றார். படித்த குடும்பங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. நாங்கள் ஆராய்ச்சியில் இறங்கினோம்.

என் கொழுந்தனுக்குப் பெருங்குடியில் கணினி வேலை. மறுநாளே மடிக்கணினியோடு வந்து, காத்திருப்பு அறையில் இருந்த ஒரே பிளக்கைப் பிடித்துக்கொண்டார். கடுமையான தலைக்காயம் பற்றிய கட்டுரைகளைத் தேடி, அதிகம் பேர் மேற்கோள் காட்டியது மேலே வரும்படி அடுக்கினார். எனக்கு இந்த முறை புதிதல்ல. தி. நகரில் புடவைக் கடையை நாங்கள் இப்படித்தான் தேர்ந்தெடுப்போம். காலியாக இருக்கும் கடைக்குள் எங்கள் வீட்டில் யாரும் கால் வைத்ததில்லை. கூட்டம் நெரிக்கும் கடையில் வாங்கியது இரண்டாம் சலவையில் சாயம் போனால், குற்றம் தண்ணீருடையது.

உச்சியில் ஒரு பழைய கட்டுரை நின்றது. அது ஒரு சிகிச்சையைப் புகழ்ந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். யாராவது என்னையும் மேற்கோள் காட்டிவிடுவார்கள். ஒன்பது கட்டுரைகள் அதைச் சொல்லி ஆமோதித்தன. அந்தச் சிகிச்சை வேறொரு மருத்துவமனையில்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தாது, இப்போது இவளை அசைப்பதே ஆபத்து என்றார் டாக்டர். அவர் தலை மறைந்ததும் கொழுந்தன் சொன்னார்: "இவர் ஒருத்தர், அண்ணி. அங்க ஒம்போது பேப்பர். நீங்களே மார்க் போடுங்க."

குடும்ப வாட்ஸப் குழுவில் கட்டைவிரல்கள் உயர்ந்தன. கோபாலபுரத்துப் பெரியப்பா, இணைப்பைத் திறக்காமலே, கும்பிடும் கைகளை அனுப்பினார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று. மகளை அங்கே மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட நானும் ஒப்புக்கொண்டேன். என் கணவர் காபி வாங்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பயத்தைத் தள்ளிவைக்க, அச்செடுத்த கட்டுரைகளைச் சிவப்புப் பேனாவோடு படிக்க உட்கார்ந்தேன். வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இங்கயே பேப்பர் திருத்திக்கினு கீறீங்க? எத்தினி பேரு பாஸு?"

ஒருவரும் இல்லை என்பது ஒன்பது மணிக்குத் தெரிந்தது. பழைய ஆய்வில் படுமோசமான காயம் பட்டவர்களும் பலன் பெற்றார்கள் என்று ஒன்பது கட்டுரைகளும் எழுதியிருந்தன. பழைய கட்டுரையைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், அப்படிப்பட்டவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை என்று இருந்தது. என் மகள் அந்தப் பொடி எழுத்தில் இருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். சரியான விடையை ஒன்பது பேர் எழுதலாம். ஒரே தப்பை ஒன்பது பேர் எழுதினால், ஒருவன் யோசித்திருக்கிறான், எட்டுப் பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பழையதைச் சரிபார்த்து, பலன் தெரியவில்லை என்று சொன்ன கட்டுரை ஒன்றும் பட்டியலில் இருந்தது, கடைசியில். அதைச் சீந்துவார் இல்லை.

கொழுந்தனிடம் காட்டினேன். இத்தனை டாக்டர்கள் படிக்காமலா எழுதியிருப்பார்கள் என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

"மேலாப்புல பாத்தேன், அண்ணி."

ஆம்புலன்ஸை வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போடவில்லை. குழுவில் பெரியப்பா கும்பிடும் கைகளைத் திரும்பப் பெற்றார். ஒரே ஒரு தாயின் கருத்து, யாரும் மேற்கோள் காட்டாதது. என்ன மதிப்பு இருக்கும்? ஆனால் ஒன்பது பேர் தப்பு என்று கண்டுபிடித்ததால் என் மகள் விழித்துவிடப் போவதில்லை. நான் சொன்னதும் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. நர்ஸ் வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னாள்:

"ரெண்டு விரல காட்டுன்னு சொன்னேம்மா. காட்டிச்சு. செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க, நீங்க ஒருவாட்டி கூப்பிட்டுப் பாருங்க."