அவவுக்கு என்ன வேலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கூட்டத்தில் எழும்பிக் கதைக்க என்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன மார்கழியில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்குச் சீனி வருத்தமும் உண்டு, நீரிழிவு என்பார்கள். நாலாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஈச்சிலம்பற்றில் ஓட்டோ பிடித்துத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகுமுன் அவள் கால்களைத் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக் கழுவி, நல்ல சேலை உடுத்திவிட்டேன். சேற்றுக்காலோடு டொக்டருக்கு முன்னால் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இளம் டொக்டர் கேட்டார்.

"அம்மா என்ன வேலை செய்யிறவ?"

"வேலை ஒண்டும் இல்லை ஐயா. வீட்டில சும்மாதான் இருக்கிறா."

பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கினாள். ஆனால் மனைவிமாரைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் ஊர் ஆண்கள் அப்படித்தான் சொல்வோம்.

இரண்டு நாள் ஊசி மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு இன்னும் மோசமானது. மூன்றாம் நாள் காலை பெரிய டொக்டர் இளம் டொக்டர்மாரோடு வந்தார். நான் சுவரோடு ஒதுங்கினேன்.

"முந்தி இது எங்கட நாட்டில அபூர்வம் எண்டுதான் படிச்சம்," என்று அவர்களுக்குச் சொன்னார். "இப்ப வாற ஆராய்ச்சியளைப் பாருங்கோ. வயல் சேத்துக் கிருமி. மாரியில வரும், சீனி வருத்தக்காரரைத்தான் கூடப் பிடிக்கும். நாங்கள் குடுக்கிற மருந்துக்கு அடங்காது."

"இவ வயலுக்குப் போறதில்லை, சேர். வீட்டிலதானாம்," என்றார் இளம் டொக்டர்.

பெரியவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

அத்தனை பேர் முன்னால் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. போர்வைக்கு வெளியே அவள் பாதம் தெரிந்தது. நான் அவ்வளவு தேய்த்தும் குதிக்கால் வெடிப்பில் சேறு கறுப்பாக இருந்தது.

"ஐயா," என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னேன். "ஐயா, அவவும் வயல்தான். என்னைவிடக் கூட நேரம் நிக்கிறவ."

"அப்ப ஏன் சும்மா இருக்கிறா எண்டனீங்கள்?" என்றார் இளையவர்.

பெரியவர் திரும்பி வந்து போர்வையை விலக்கினார்.

"காலில வெட்டுக்காயம் ஏதும்?"

"நத்தை ஓடு வெட்டினது, ஐயா. ரெண்டு கிழமைக்கு முன்னம்."

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். அந்தக் கிருமிதான் என்று இரத்தப் பரிசோதனையில் பிறகு தெரிந்தது. காய்ச்சல் இறங்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. அதன்பின் மாதக்கணக்கில் குளிசை விழுங்கினாள்.

கடைசியாகக் கிளினிக் போனபோது, புதுக் கிளினிக் கொப்பி எழுதிய நேர்ஸ் மிஸ் அவளிடம் என்ன வேலை என்று கேட்டார்.

"அவரைக் கேளுங்கோ மிஸ். அவருக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றாள் என் மனைவி.

மிஸ் என்னைப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"வயல்," என்றேன். "இருபத்திரண்டு வருசமா."

2024 ஆவணி 18, ஞாயிற்றுக்கிழமை.