மூன்று டிரம் கசடு

சௌக்கத் அலியைப் போல ஒரு சுத்தக்காரரை இந்த ஏரியாவில் நான் பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது, போங்கள்.

தண்டையார்பேட்டையில் காலியான கெமிக்கல் டிரம்களை வாங்கிக் கழுவி விற்பவர். முப்பது வருஷத் தொழில். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்தான் அவருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவன். டிரம்மில் சுரண்டி எடுக்கும் கறுப்புக் கசடு அபாயக் கழிவு, அதைப் பூட்டி வைத்து அதற்கென்று வரும் லாரியில்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் அனுமதியில் ஒரு நிபந்தனை. அதை டைப் அடித்தவன் நான். பாய்க்கு வாசித்துக் காட்டவில்லை, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பாய் என் கடையில் இருந்தபோது மாநில அதிகாரி போன் செய்தார்; ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பாய், டெல்லிலேர்ந்து குழு வருது. எல்லாத்தையும் சரியா வைங்க."

"பர்மிசன் குடுக்குறது நீங்கதானே சார்? அவுங்க இன்னாத்துக்கு?"

"குடுக்கிறது நாங்க. நாங்க ஒழுங்கா குடுக்கிறோமான்னு பார்க்கிறது அவங்க."

பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் பாதிதான் புரிந்தது. அனுமதி போனால் யார்டுக்கு சீல், பிழைப்பு போச்சு என்பது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

பெருநாளுக்கு வீடு கழுவுவது போல அவரும் மனைவி ஷரீஃபுன்னிசாவும் இரண்டு நாள் யார்டைத் தேய்த்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு பினாயில். குழுவோடு வந்த பெரிய டெல்லிக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாநில அதிகாரி அதைத் தமிழில் சொன்னார்.

"கணக்குப்படி மூணு டிரம் கசடு இருக்கணுமே, எங்க?"

பாய் பெருமையாகச் சிரித்தார். "ஒரு பொட்டு கலீஜ் இல்ல சார். பெரிய மனுசங்க வர்ற எடத்துல அத வெச்சிகினு இருப்பாங்களா? பின்னாடி கால்வாய்ல வுட்டுட்டேன்."

அதை டெல்லிக்காரருக்குச் சொல்ல மாநில அதிகாரிக்கு வாய் வரவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னார். சீல் வைத்துவிட்டார்கள்.

பாய் டெல்லிக்காரரிடம் கெஞ்சினார். அனுமதி மாநிலத்தின் விஷயம் என்றார் அவர். மாநில அதிகாரியிடம் ஓடினார். டெல்லி அறிக்கை வராமல் தன்னால் ஒன்றும் முடியாது என்றார் இவர்.

மறுநாள் காலை ஷரீஃபுன்னிசா கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, வந்து கூப்டுங்க. நான் சொன்னா கேக்க மாட்றாரு."

ஓடினேன். கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாய் கறுப்புச் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். கையெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"மூணு டிரம்மும் ரொப்பிட்டா குடுத்துடுவாங்கல்ல அண்ணாச்சி?" என்றார். "யாராண்ட காட்டணும்? அவுராண்டயா, இவுராண்டயா?"