கதீஜா ராத்தாவின் கீபோர்டுக்கு நான் அடித்த எண்ணெய்

கற்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். படகு என்ஜின் வேலையும் பார்ப்பேன். எங்கள் ஊரில் எது இறுகினாலும், உப்புக் காற்றில் துருப்பிடித்துவிட்டது என்று முதலில் எண்ணெய் ஸ்பிரேயைத்தான் எடுப்போம்.

உப்பள அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்து ஓய்வுபெற்ற கதீஜா ராத்தா, தான் அங்கே பாவித்த பழைய கீபோர்டைக் கொண்டு வந்தார். ஐந்தாறு எழுத்துகள் வேலை செய்யவில்லை.

“தம்பி, உள்ளுக்கு என்ன சுவிட்ச் இரிக்குதுண்டு கழட்டிப் பாத்துட்டு கை வைங்க” என்றார்.

“எனக்குத் தெரியாத சுவிட்சா ராத்தா?” என்றேன்.

அவர் போனதும் ஒரு எழுத்தின் மூடியை மட்டும் கழற்றினேன். ஸ்பிரிங் தெரிந்தது. அடியில் இரும்புத் தகடு இருக்கும் என்று நானே முடிவுகட்டி, எல்லா எழுத்துகளுக்கும் எண்ணெய் அடித்தேன். மறுநாள் ஒரு எழுத்தும் வேலை செய்யவில்லை. அதன் பிறகுதான் முழுதாகக் கழற்றினேன். தகடே இல்லை. ஒவ்வொரு எழுத்தின் கீழும் வெள்ளித்தாள் ஒட்டிய ஸ்பஞ்ச் துண்டு இருந்தது. அத்தனையும் எண்ணெயில் ஊறிக் கூழாகியிருந்தன. முதலிலேயே பார்த்திருந்தால் பழுதான ஐந்தாறு துண்டுகளை மாற்றுவதே போதுமாக இருந்திருக்கும்.

“உப்புக் காத்து தின்டுட்டுது ராத்தா” என்று, கீபோர்டை எடுக்க வந்தவரிடம் பொய் சொன்னேன்.

“அதுக்கு நீங்க என்ன செய்ற தம்பி? கவலப்படாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் கொண்டு வந்தவரின் கண்முன்னே ஒரு சுவிட்சைக் கழற்றிக் காட்டாமல் நான் எண்ணெயைத் தொடுவதில்லை.

ராத்தா இந்தச் சஞ்சிகையைத் தவறாமல் வாசிப்பவர். நேரில் சொல்ல வாய் வராததால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.